அக்காளின் தோல்

புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு உடம்பு அரிப்பது புதிய செய்தி இல்லை. நெல்லின் மேல் இருக்கும் மெல்லிய முள்தூசியைச் சுணை என்போம். அது கழுத்தில் ஒட்டும், இடுப்பு மடிப்பில் ஒட்டும், சீலைக்குள் புகுந்து எங்கெல்லாமோ போகும். அதனால் சோணையம்மாள் தனக்குக் கீழே அரிக்கிறது என்று முதன்முதலாகச் சொன்னபோது களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மனுசன் போய்ச் சேந்த பெறகு சுணையாச்சும் தேடி வருதே, சந்தோசப்படு சோணை," என்றார் அஜீஸா. அவர் அரிசி புடைக்கிறவர். கணவர் மலேயாவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் இந்த மாதிரிப் பேச்சில் அவரை மிஞ்ச அந்த ஆலையில் ஆள் கிடையாது.

"ஒனக்குச் சுணையும் வரல, மலேயாக் கப்பலும் வரல. அந்த வயித்தெரிச்சல்," என்று சோணையம்மாளும் திருப்பிக் கொடுத்தார்.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். சோணையம்மாளுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டி மூன்று நான்கு ஆகியிருக்கும். கணவர் இறந்தபின் ஆலையில் சேர்ந்தவர். ஒரே மகன் சின்னக்கருப்பு லாரியில் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த காலத்தில் இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னார். எழுதட்டுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"பேரைப் போட்டே எழுது. பேரச் சொல்லாம மூடி வச்சுத்தான் இம்புட்டுத் தூரம் வந்துச்சு," என்றார்.

அதனால் பெயரோடு எழுதுகிறேன்.

நெல்லை அவித்துக் களத்தில் கொட்டிப் பரப்பியபின் அதை அவ்வப்போது கிண்டிவிட வேண்டும். கையால் கிண்டினால் மாளாது. பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். பாதம் போன வழியில் நெல் பிளந்து கோடு விழும். அடியில் இருக்கும் ஈர நெல் மேலே வரும். வெயில் ஏற ஏற நெல் காய்ந்து சத்தம் மாறும். முதலில் சதசதவென்று இருப்பது, பிறகு சரக், சரக் என்று கேட்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் சோணையம்மாளால் முடியவில்லை. அது அவருடைய அக்காள் சொறிகிற சத்தம்.

அக்காள் பெயர் நாகவல்லி. கணவர் வேறொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டதும், கட்டிய துணியோடு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரே மகள் முத்தழகை அதற்கு முன்பே சாக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாகவல்லி வீட்டுக்குள் படுக்கவில்லை. பின்னால் விறகு போடுகிற அறையில் பாயை விரித்துக்கொண்டார். உள்ளே வந்து படு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. ஏன் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் சரக், சரக். யாராவது கதவைத் திறந்தால் சத்தம் நின்றுவிடும். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருப்பார். கதவைச் சாத்தினால் மறுபடியும் தொடங்கும்.

கடைசிக் காலத்தில் அந்த அறையில் ஒரு வாடை வந்தது. விறகுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்லி, விறகை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினார்கள். எலி இல்லை.

அன்று மத்தியானம் நாகவல்லி தங்கையைக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்துடி. ஒரு தடவ பாரு. எனக்கு என்னன்னு தெரியாமலே போயிருவேன் போல."

சோணையம்மாள் பார்த்தார். உரித்துப் போட்ட பூண்டுத் தோல் போல, வெள்ளையாக, மினுமினுப்பாக, சுருங்கிப்போன தோல். இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய மடிப்புகள் ஒட்டிப்போய் இல்லாமலே ஆகியிருந்தன. ஓர் ஓரத்தில் பூவரசம்பூவின் நடுவைப் போலக் கருஞ்சிவப்பாக ஒரு புண். அதிலிருந்துதான் வாடை.

"என்னடி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. சூட்டுக் கொப்புளம்."

நாகவல்லி சீலையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அறுபத்து மூன்றாம் வருஷம், பங்குனியில் இறந்துபோனார். முத்தழகு வந்து விழுந்து அழுதபோது, காய்ச்சல் என்று சொன்னார்கள். ஊருக்கும் அதையே சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மனக்குறையோடோ ஆறாத புண்ணோடோ இறந்துபோனால் அவர் வீட்டை விட்டுப் போகமாட்டார் என்பார்கள். அவருக்குச் சீலை வைத்துக் கும்பிட வேண்டும். ஓலைப்பெட்டிக்குள் ஒரு புதுச்சீலையை மடித்து வைத்து, பெட்டியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மாசி மாதம் சிவராத்திரியன்று பெட்டியை இறக்கி, வேறொரு புதுச்சீலை வைத்துப் படைப்பார்கள். ஒரு வருஷமாகப் பெட்டியில் இருந்த பழைய சீலையை அந்த வீட்டில் ரத்தச் சொந்தமான ஒரு பெண் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இறந்தவர் அவர் மேல் இருந்து குடும்பத்தைக் காப்பார் என்பது நம்பிக்கை. நாகவல்லிக்கும் அப்படிப் பெட்டி கட்டினார்கள். வருஷா வருஷம் சீலையை எடுத்துக் கட்டியவர் சோணையம்மாள்.

இப்போது அரிப்புக்கு வருகிறேன்.

ஆலையில் நெல் வராத மாதங்கள் உண்டு. அப்போது களம் காலியாகக் கிடக்கும், பெண்கள் வீட்டில் இருப்பார்கள், உடம்பில் இருக்கிற சுணையெல்லாம் ஆறிவிடும். சோணையம்மாளுக்கு ஆறவில்லை. ஆலை பூட்டிக் கிடந்தபோதும் அரித்தது. மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் போட்டார். பொறுக்கமுடியாத அளவு சூடான வெந்நீரை ஊற்றினார். ஒரு நாள் மண்ணெண்ணெயைத் தொட்டு வைத்து, எரிச்சலில் அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவரிடம் போய், "தொடை இடுக்குல படை," என்று பொய் சொன்னார். அவரும் எங்கே, என்ன என்று கேட்காமல் படைக்குப் போடுகிற களிம்பைக் கொடுத்தார். அதை மூன்று வருஷம் வாங்கிப் போட்டார். போடும்போதெல்லாம் தோல் இன்னும் எரிந்தது.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்தது பூண்டுத் தோல். விறகு அறையில் பார்த்தது அப்படியே அங்கே இருந்தது.

"நான் என்னையப் பாக்கல. எங்கக்கா அதுக்குள்ள இருந்து என்னையப் பாத்தா," என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

அதன்பின் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அரிப்பு தொடங்கியது ஒரு மாசிப் படைப்புக்குப் பிறகு. கட்டியிருந்தது அக்காளின் சீலை. பொய் சொன்ன தங்கையை அக்காள் விடவில்லை. சீலை வழியாக வந்து தன் தோலையே போர்த்திவிட்டாள். இனி அந்தப் புண்ணும் வரும், அந்த வாடையும் வரும். களத்தில் நடக்கும்போது கேட்கிற சரக், சரக் தன் பாதத்தினுடையதா, பின்னால் வருகிற வேறு யாருடையதா என்று நின்று நின்று திரும்பிப் பார்ப்பார். வரிசை குலையும். மேஸ்திரி திட்டுவார்.

நாட்டரசன்கோட்டை அம்மன் கோயிலுக்குப் போய்க் கண்ணாத்தாளிடம் அழுதுவிட்டு வந்தார். திரும்பிவந்த மறுநாள்தான் அஜீஸா அதைப் பார்த்தது. சோணையம்மாள் குனிந்து நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். சீலையின் பின்கொசுவத்தில் சில்லறைக்காசு அளவுக்கு ரத்தம்.

"ஏ சோணை, இங்குட்டு வா," என்று அஜீஸா அவரைக் கொதிகலன் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "தூரம் நின்னு எம்புட்டு வருசமாச்சு ஒனக்கு? இது என்னது?"

"சுணை. சொறிஞ்சுட்டேன்."

"சுணையில ரத்தம் வருமா? எங்கிட்டயே கத விடுறியா?"

சோணையம்மாள் அப்போதும் முழுதும் சொல்லவில்லை. கண்ணாத்தாளிடம் வேண்டியிருக்கிறது, அவள் பார்த்துக்கொள்வாள் என்றார்.

"ஆத்தா பாக்குறா, சரி. பாத்து வாயத் தொறந்து மருந்து சொல்லுவாளா? காரைக்குடியில பொம்பள டாக்டர் இருக்காக. அவுகளும் ஒரு தடவ பாத்தா ஒங்காத்தா கோவிச்சுக்கிட மாட்டா. கெளம்பு. ரத்தம் பட்ட சீலையோட நீ நடந்தா ஆம்பளைக கேப்பானுக, நான் என்ன சொல்லட்டும்?"

அந்த மருத்துவரின் பெயர் கண்ணம்மை. மதராஸில் படித்துவிட்டு, சொந்த ஊரிலேயே ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்தில் மருத்துவம் பார்த்துவந்தார். செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்பது வழக்கம், அதனால் எல்லோருக்கும் டாக்டராச்சி.

"என்ன செய்யுது?"

"அங்குட்டு அரிக்குது ஆச்சி," என்றார் சோணையம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எவ்வளவு நாளா?"

"சுணைதான்னு இருந்தேன்."

"நான் நாளைக் கேட்டேன்."

அஜீஸா பொறுக்கமாட்டாமல், "மூணு வருசமா ஆச்சி. அம்புட்டு நாள் ஒட்டிக்கிட்டிருக்கிற சுணைய நான் எந்த நெல்லுலயும் பாத்ததில்ல," என்றார்.

"படுங்க, பார்ப்போம்."

சோணையம்மாள் எழுந்தே விட்டார். "பாக்கணுமா? சொன்னாப் போதாதா? கம்பவுண்டர் சொன்னதக் கேட்டுத்தான் களிம்பு குடுத்தாரு."

"நீங்க ஆலையிலதானே இருக்கீக? இங்க இருந்துக்கிட்டே ஒங்க களத்து நெல்லு காஞ்சிருச்சான்னு நான் சொன்னா ஒத்துக்குவீகளா?"

"அதெப்படி? எடுத்துக் கடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்."

"நான் கடிக்க மாட்டேன். பார்க்க மட்டும்தான் செய்வேன்."

அஜீஸா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோணையம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படுத்தவர், சீலையை விலக்கச் சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டராச்சி கழுத்து வளைகிற மேசைவிளக்கை அருகில் இழுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அவசரப்படவில்லை. ஒவ்வோர் இடமாக விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நகர்ந்து போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"இது ஒங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை. வயசான பொம்பளைகளுக்கு வர்றதுதான். வெளிய சொல்ல மாட்டாக, அவ்வளவுதான். தோல் வெளுத்து, மெலிசாகி, சுருங்கிப்போயிரும். அரிக்கும், வெடிக்கும். இது ஒரு தோல் நோய். ஆனா இந்த ஒரு எடம் மட்டும் தடிச்சிருக்கு. அது மேலோட நிக்குதா, உள்ள எறங்கியிருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியல."

"வேற எதால பாக்குறது?" என்று அஜீஸா கேட்டார்.

"வெளிநாட்டுல ஒரு மிஷின் வச்சிருக்காக. நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்த ஒடம்புக்குள்ள அனுப்புறது. அது உள்ள பட்டுத் திரும்பி வர்றத வச்சு, வயித்துல இருக்கிற புள்ளையப் படமா பார்க்கிறாக. நான் பத்திரிகையில படிச்சதோட சரி. இந்தத் தோலுக்கும் ஒரு நாள் அப்படி ஒண்ணு வந்தா, கத்தி வைக்காமலே எவ்வளவு ஆழம்னு சொல்லிரலாம். இப்ப வழி இல்லை. ஒரு அரிசி அளவு வெட்டி மதுரைக்கு அனுப்பித்தான் பார்க்கணும்."

சோணையம்மாள் முகத்திலிருந்து கையை எடுத்தார். "சத்தம் காட்டிக்குடுக்குமா ஆச்சி? உள்ள என்ன இருக்குன்னு?"

"காட்டும்."

சோணையம்மாள் களத்தில் தனக்குப் பின்னால் கேட்கிற சத்தமும் இத்தனை நாளாக அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது என்று நினைத்தார்.

"வெட்ட வேணாம்," என்று சீலையை இழுத்து மூடிக்கொண்டு இறங்கினார். "அது என் தோலு இல்ல."

"பிறகு யாரோடது?"

சோணையம்மாள் வெளியே நடந்துவிட்டார். டாக்டராச்சி களிம்பை அஜீஸாவிடம் கொடுத்து, வெந்நீர் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, சோப்பும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அஜீஸா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். சோணையம்மாள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

புதுக் களிம்பில் அரிப்பு பாதி குறைந்தது. அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அக்காளைக் களிம்பு போட்டு அடக்குகிறோம், அடங்கியவள் எங்கே போய் நிற்பாள் என்று நினைத்தார். தடித்த இடம் அப்படியே இருந்தது. குளிக்கும்போது விரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். விறகு அறையைப் பூட்டியே வைத்தார். ஆனாலும் அதைக் கடக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அது அறையிலிருந்து வருகிற வாடையா, தன்னிடமிருந்தா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. பல நாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாச்சும் வாடை வருதா புள்ள?" என்று கேட்பார். தாளித்த வாடைதான் வருகிறது என்பேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

மாசி வந்தது. பெட்டியை இறக்கும் நாளில் முத்தழகு சாக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். பொங்கல் வைத்து, சூடம் காட்டி, பெட்டியிலிருந்து பழைய சீலையை எடுத்தார்கள். அரக்குச் சீலை, மஞ்சள் கரை. வழக்கம்போல சோணையம்மாள் கையில் கொடுக்க நீட்டினார்கள். அவர் கையை நீட்டவில்லை.

"இந்த வருசம் நான் கட்டல," என்றார்.

கூடியிருந்த பங்காளிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தழகுதான் முன்னால் வந்தார்.

"எனக்குக் குடுங்க சின்னாத்தா. எங்கம்மா சீலைதான. நான் கட்டிக்கிறேன். இம்புட்டு நாளா எனக்குன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவர் கைக்குச் சீலை போய்விட்டது. மார்போடு அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் சோணையம்மாள் பாய்ந்து போய்ப் பிடுங்கினார். முத்தழகு விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, தலைப்பில் கிழிசல் விழுந்தது.

"என்ன சின்னாத்தா இது? எங்கம்மா சீலைய எனக்குக் குடுத்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

சோணையம்மாள் பிடுங்கிய சீலையை ஏற்கெனவே கட்டியிருந்த சீலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு நின்றார். முத்தழகு அழுதுகொண்டே, சாப்பிடாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று முழுதும் சோணையம்மாள் யோசித்தது ஒன்றுதான். சீலை வழியாகத்தான் அது வருகிறது என்றால், தான் செத்தபின் அடுத்த மாசியில் பெட்டிச் சீலை முத்தழகு உடம்புக்குப் போகும். அதைத் தடுக்க வேண்டும். டாக்டராச்சி சொன்னது போல வெறும் நோய் என்றால், பெட்டிக்குப் பயந்து அக்காள் மகளை விரட்டியது பாவம். இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ளத் தன் தோலை வெட்டத்தான் வேண்டும். அவர் பயந்தது கத்திக்கு இல்லை. வெட்டுகிற இடத்தில் அக்காள் கத்துவாள் என்று பயந்தார்.

மறுநாள் அஜீஸாவிடம்கூடச் சொல்லாமல் காரைக்குடிக்குப் போனார்.

"வெட்டுங்க ஆச்சி. ஆனா வெட்டுறப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டா நிறுத்திருங்க."

டாக்டராச்சி என்ன சத்தம் என்று கேட்கவில்லை. "கேட்டா நிறுத்துறேன்," என்றார்.

மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். அதுதான் வலித்தது. பிறகு யாரோ தூரத்தில் இழுப்பது போல ஓர் உணர்வு. ஒரு தையல். சோணையம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். தெருவில் ஒரு பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். வேறு சத்தம் ஒன்றும் இல்லை. டாக்டராச்சி ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரியான மருந்தில், நொய்யரிசி போல ஒரு துணுக்கு மிதந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார் சோணையம்மாள்.

மதுரையிலிருந்து முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் ஆலைக்குப் போகவில்லை. விறகு அறையின் பூட்டைத் திறந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா என்னைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வாள். வைத்தது வைத்தபடி இருக்கும். ஒரு தடவை, அறைக்குள் யாரிடமோ, "இன்னும் சேதி வரல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த அன்று அஜீஸாவும் கூடப் போனார். டாக்டராச்சி இரண்டு பேரையும் உட்காரவைத்தார்.

"புத்துநோய் இல்லை. அந்தத் தடிப்பு மேலோடதான் நிக்குது. ஆனா இந்தத் தோல நம்பி விட்டுறக் கூடாது. சில பேருக்கு இதுல இருந்து புத்து வரும். காலம் பூரா களிம்பு போடணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நான் பார்க்கணும். ஏதாச்சும் வந்தாலும் சின்னதா இருக்கிறப்பவே எடுத்துரலாம்."

அஜீஸா மேலே பார்த்துக் கையை விரித்து முணுமுணுத்துவிட்டு, சோணையம்மாள் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "பொழச்சுக்கிட்டடி. இனி மேஸ்திரி திட்டுனா திருப்பித் திட்டு."

சோணையம்மாள் டாக்டராச்சி பக்கம் திரும்பினார். "ஆச்சி, இது சீலையில ஒட்டி வருமா?"

"வராது. ஒருத்தர் சீலைய இன்னொருத்தர் கட்டுனா இது வராது. கூடப் படுத்தாலும் வராது."

"அப்ப எங்கக்காளுக்கு வந்தது எனக்கு எப்படி வந்துச்சு?"

டாக்டராச்சி அப்போதுதான் அக்காளைப் பற்றிக் கேட்டார். சோணையம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். விறகு அறை, பூண்டுத் தோல், புண், சூட்டுக் கொப்புளம் என்று சொன்ன பொய். முதன்முதலாக அன்றுதான் அதை இன்னொரு மனிதரிடம் சொன்னார். அஜீஸா வாயில் சீலைத்தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சில குடும்பத்துல அக்கா தங்கச்சிக்கும் தாய் மகளுக்கும் இது வர்றது உண்டு. ரத்தத்துல வர்றது," என்றார் டாக்டராச்சி.

"அப்பவே, தோலு வெளுத்தப்பவே, எங்கக்காள இங்க கூட்டி வந்திருந்தா?"

டாக்டராச்சி மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை போலிருக்கிறது. "புண்ணு வர்றதுக்கு முந்தியே பார்த்திருந்தா, இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்."

அதைக் கேட்டபோது, அதுவரை இருந்ததைவிடப் பெரிய பயம் வந்தது என்று சோணையம்மாள் சொன்னார். அக்காள் சாமியாகி வந்து தண்டித்தாள் என்றபோது அதில் ஒரு கணக்கு இருந்தது. இப்போது யாரும் தண்டிக்கவில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி சோறு பொங்கிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் ஒருத்தி சொறிந்து சொறிந்து செத்தாள். அவ்வளவுதான். அந்த நினைப்போடு வெளியே வந்தவருக்கு, டாக்டராச்சி சொன்னதில் இன்னொரு சொல் அப்போதுதான் உறைத்தது. தாய்க்கும் மகளுக்கும்.

"நீ புதுவயலுக்குப் போ," என்று பஸ்ஸில் அஜீஸாவை அனுப்பிவிட்டு, வழியில் சாக்கோட்டையில் இறங்கினார்.

முத்தழகு முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் வயலுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். சின்னாத்தாளைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. சோணையம்மாள் தானாகவே எதிரில் உட்கார்ந்தார்.

"ஒங்கம்மா காச்சல்ல சாகல."

அதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். முத்தழகு நிமிராமல் கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்.

"நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"எங்கிட்டயும் காச்சல்னு சொன்னீக." முத்தழகின் குரல் உயரவில்லை. "வருசா வருசம் வந்து விழுந்து கும்பிட்டேன் சின்னாத்தா. எம் மகளுக்கு நல்ல எடம் அமையணும்னு அந்தப் பெட்டிக்குக் கீழ நின்னு வேண்டுனேன். சாமியாக்கி மேல கட்டித் தொங்க விட்டீக. என்ன நோவுல செத்தாகன்னு பெத்த மகளுக்குத் தெரியாது. எந்திரிச்சுப் போயிருங்க."

"வைய்யி. எம்புட்டு வேணும்னாலும் வைய்யி. ஒண்ணு மட்டும் சொல்லிரு. ஒனக்கு இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

சோணையம்மாள் எழுந்து வாசல் வரை போனார். செருப்பு இல்லாத காலில் முற்றத்து வெயில் சுட்டது. பின்னால் கொட்டை தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது.

"நான் ஒங்கள மாதிரி ஆலையில வேலை பாக்கல," என்றார் முத்தழகு. "எனக்குச் சுணை எங்கருந்து வருதுன்னு எனக்கே தெரியல."

"எப்பருந்து?"

"அம்மா செத்த மறு வருசத்துல இருந்து. அவுகள நெனச்சுச் சரியா சாப்பிடாம ஒடம்பு காஞ்சுபோச்சு, அதுதான்னு இருந்தேன்."

சோணையம்மாள் முத்தழகிடம் திரும்பி வந்தார். தன் வீட்டில் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்ட அந்த வருஷங்களில் எல்லாம், இங்கே இந்த முற்றத்திலும் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எந்திரி. காரைக்குடிக்கு வண்டி இருக்கு," என்றார்.

"இப்பவா? புளி கெடக்கு. மக வந்துருவா. அவளுக்கு என்ன சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. வந்து சொல்லு. இப்ப எந்திரி."

முத்தழகு தொட்டியில் கை கழுவினார். புளி ஒட்டிய விரல்களைத் தேய்த்துத் தேய்த்து, வெகுநேரம் கழுவினார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட பெண்ணிடம் முதலில் கல்யாண வீடு என்று சொல்ல வாயெடுத்து, பிறகு, "ஆசுபத்திரிக்கு. எனக்கு ஒடம்புக்கு முடியல," என்றார்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது.

"அந்தாச்சி இல்லன்னு சொல்லிட்டா?" என்றார் முத்தழகு.

"இல்லன்னா வீட்டுக்குத் திரும்பி வருவோம்."

"இருக்குன்னு சொல்லிட்டா?"

"களிம்பு குடுப்பாக. வாங்கிக்கிட்டுத் திரும்பி வருவோம்."

"வெட்டணும்னா?"

"ஊசி போடுறப்ப வலிக்கும். அப்பறம் ஒண்ணும் தெரியாது. நான் பக்கத்துல நிப்பேன்."

முத்தழகு தலையாட்டினார். காரைக்குடியில் மரத்தடி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது இறங்கத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். சோணையம்மாள் அவர் கையைப் பிடித்து எழுப்பி, முன்னால் நடக்கவிட்டு, பின்னால் இறங்கினார்.